ஸ்போர்ட்ஸ் காருக்கு ஹெடர் மாற்றுவது பலன் தருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரின் சக்தியைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் ஏர் ஃபில்டரில் கை வைப்பார்கள், அடுத்து சைலன்சரில், அதற்கடுத்து ஹெடரில். முதல் இரண்டிலும் தவறினால் இழப்பு சிறியது. மூன்றாவதில்தான் பணமும் உழைப்பும் கணிசமாகப் போகின்றன. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் டர்போ (புகையின் விசையால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) இல்லாத பெட்ரோல் என்ஜின்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. டர்போவுக்குத் தனியாக ஒரு பதில் இருக்கிறது.

ஹெடர் என்பது எது? சைலன்சரும் அதுவும் ஒன்றா?

இல்லை. சைலன்சர் காரின் வால் பக்கம் இருப்பது. ஹெடர் என்ஜினோடு ஒட்டியிருப்பது. சிலிண்டர் ஹெட்டில் புகை வெளியேறும் துளைகளின் மேல் நேரடியாக போல்ட் போட்டு இறுக்கப்படும் முதல் உறுப்புக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு என்று பெயர். சாதாரண கார்களில் இது பெரும்பாலும் வார்ப்பிரும்பில் ஊற்றிய ஒரே கட்டி. எல்லா சிலிண்டர்களின் புகையும் ஒரு குட்டையான பொதுப்பாதையில் வந்து விழும். தயாரிக்கச் செலவு குறைவு, இடத்தை அடைக்காது, பல ஆண்டுகள் உழைக்கும்.

ஹெடர் என்பது அதே வேலையைத் தனித்தனிக் குழாய்களால் செய்வது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குழாய். அதை பிரைமரி என்பார்கள். எல்லா பிரைமரிகளும் சிறிது தூரம் தனியாக வந்து கலெக்டர் என்ற இடத்தில் ஒன்றுசேரும். அங்கிருந்து புகையின் நச்சு வாயுக்களைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்), பிறகு நடுக்குழாய், கடைசியில் சைலன்சர்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், மாற்றலாமா வேண்டாமா?

உங்கள் காரில் இப்போது இருப்பது எது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. வாங்கப் போகும் ஹெடர் எவ்வளவு நல்லது என்பதைவிட, கழற்றப் போகும் மேனிஃபோல்டு எவ்வளவு மோசமானது என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. விளம்பரங்கள் வாங்கும் பொருளைப் பற்றியே பேசும். கழற்றும் பொருளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் தொழிற்சாலையே குழாய் வடிவ ஹெடரைப் பொருத்தி அனுப்புகிறது. 2011 முதல் வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடியின் 5.0 லிட்டர் என்ஜின் அப்படித்தான் வந்தது. 2020இல் வந்த எட்டாம் தலைமுறை ஷெவர்லே கார்வெட்டும் அப்படியே. 1999இல் அறிமுகமான ஹோண்டா எஸ்2000 தன் 2.0 லிட்டர் என்ஜினை 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9,000 சுற்று) வரை சுழல விட்ட கார். அதை வடிவமைத்தவர்கள் புகை வெளியேறும் வழியைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்று நினைப்பதே தவறு. இப்படிப்பட்ட கார்களில் ஹெடர் மட்டும் மாற்றிப் பெரிய லாபம் பார்ப்பது கடினம். அதே நேரம், குட்டையான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுடன் வரும் பெரிய வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜினுக்கு நீளக் குழாய் ஹெடர் மாட்டினால் வித்தியாசம் ஓட்டும்போதே தெரியும்.

வெறும் குழாய்தானே, அது எப்படிச் சக்தியைக் கூட்டுகிறது?

இங்கேதான் சுவாரசியம். புகை தடையின்றி வெளியேறினால் சக்தி கூடும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி அழுத்த அலையில் இருக்கிறது.

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது சிலிண்டரில் இன்னும் நிறைய அழுத்தம் மிச்சமிருக்கும். அது ஒரு வெடிப்பைப் போல பிரைமரிக்குள் பாய்கிறது. அந்த அழுத்த அலை குழாயின் வழியே ஓடி, குழாய் சட்டென்று அகலமாகும் இடத்தை, அதாவது கலெக்டரை, அடைந்ததும் தலைகீழாகிறது. உயரழுத்த அலையாகப் போனது தாழ்வழுத்த அலையாகத் திரும்பி என்ஜினை நோக்கி வருகிறது. இந்தத் தாழ்வழுத்தம் சரியான நேரத்தில் வால்வை வந்தடைந்தால் சிலிண்டரில் தங்கியிருக்கும் கடைசிப் புகையையும் உறிஞ்சி எடுத்துவிடும். பிஸ்டன் மேலே வந்து நிற்கும் அந்தச் சில கணங்களில் எக்ஸாஸ்ட் வால்வும் காற்று உள்ளே வரும் வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும். உறிஞ்சல் அப்போது நடந்தால், பிஸ்டன் கீழிறங்கத் தொடங்கும் முன்பே புதுக் காற்று உள்ளே இழுக்கப்படும்.

நேரம் என்பது எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. சூடான புகையில் ஒலி அலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 550 முதல் 600 மீட்டர். பிரைமரி 75 செ.மீ. நீளம் என்றால், அலை போய்த் திரும்ப சுமார் 2.6 மில்லிவிநாடி ஆகும். என்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் சுழலும்போது அந்த நேரத்துக்குள் கிராங்க் 90 டிகிரிக்குச் சற்று மேல் திரும்பியிருக்கும். 3,000 ஆர்பிஎம்மில் அதில் பாதிதான். அலையின் வேகம் பெரிதாக மாறுவதில்லை, குழாயின் நீளம் மாறவே மாறாது, ஆனால் என்ஜினின் வேகம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே எந்த ஹெடரும் எல்லா வேகத்திலும் உதவாது. ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் வட்டாரத்தில் உதவும், இன்னொரு வட்டாரத்தில் சும்மா இருக்கும், மற்றொன்றில் அலை தப்பான நேரத்தில் வந்து உபத்திரவமும் செய்யும். அலை ஒருமுறையோடு நிற்காமல் பலமுறை மோதித் திரும்புவதால் உண்மையான கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆனால் அடிப்படை இதுதான்: நீளமான பிரைமரி குறைந்த ஆர்பிஎம்முக்கு, குட்டையான பிரைமரி உயர்ந்த ஆர்பிஎம்முக்கு.

4-1 நல்லதா, 4-2-1 நல்லதா?

நான்கு சிலிண்டர் என்ஜினில் நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் சேர்வது 4-1. முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு அந்த இரண்டும் ஒன்றாவது 4-2-1. பொதுவாக 4-1 வகை உயர் ஆர்பிஎம்மில் கூடுதல் சக்தி தரும். 4-2-1 வகை நடு ஆர்பிஎம்மில் இழுவையைக் கூட்டும். சாலையில் ஓட்டும் காருக்கு என் தேர்வு பெரும்பாலும் 4-2-1தான். டாக்கோமீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொடும் நேரம் அன்றாட ஓட்டத்தில் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

4-2-1இல் எதை எதோடு சேர்ப்பது என்பதற்கும் காரணம் உண்டு. 1-3-4-2 என்ற வரிசையில் எரியும் என்ஜினில் முதல் சிலிண்டர் புகையை வெளியேற்றி முடிக்கும் தறுவாயில் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிறது. இரண்டும் குட்டையான பொதுப்பாதையில் இருந்தால் மூன்றாவதின் அழுத்தம் முதலாவதுக்குள் புகையைத் திருப்பித் தள்ளும். அதனால்தான் 1ஐ 4உடனும் 2ஐ 3உடனும் சேர்க்கிறார்கள்.

இதன் அருமையைக் காட்டச் சிறந்த சான்று ஒரு பந்தயக் கார் அல்ல, மாஸ்டாவின் ஸ்கைஆக்டிவ்-ஜி என்ற சாலைக் கார் என்ஜின். சில சந்தைகளில் 14:1 என்ற மிக உயர்ந்த அமுக்க விகிதத்துடன் அது வந்தது. அவ்வளவு அமுக்கினால் பெட்ரோல் தானாகவே வெடித்து நாக்கிங் வரும். சிலிண்டரில் தங்கும் சூடான பழைய புகையைக் குறைத்தால் அந்த அபாயம் குறையும் என்பதால், மாஸ்டா நீளமான 4-2-1 ஹெடரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தியது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. குழாய் நீண்டதால் வினையூக்கி மாற்றி என்ஜினிலிருந்து தள்ளிப் போய் மெதுவாகச் சூடேறியது. அதைச் சரிக்கட்ட, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது தீப்பொறியைத் தாமதப்படுத்தினார்கள். ஹெடர் வடிவமைப்பில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

என்ஜினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் தேவை என்கிறார்களே?

தேவையில்லை. எதிரழுத்தம் என்பது வெளியேறும் புகைக்குக் குழாய் தரும் தடை. அது தேவை என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் தவறான கருத்து. தேவைப்படுவது புகையின் வேகம். மிகப் பெரிய குழாயை மாட்டினால் எதிரழுத்தம் குறைகிறது, கூடவே குறைந்த ஆர்பிஎம்மில் புகையின் வேகமும் விழுந்துவிடுகிறது. இழுவை குறைந்ததைப் பார்த்தவர்கள் பழியை எதிரழுத்தத்தின் மேல் போட்டுவிட்டார்கள்.

ஆகவே பெரிய குழாய் என்றால் நல்ல குழாய் என்று எண்ண வேண்டாம். உள்விட்டம் 41 மி.மீ.யிலிருந்து 44 மி.மீ. ஆனால் பரப்பு சுமார் 15 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத 3 மி.மீ. வித்தியாசம், ஆனால் என்ஜினுக்குத் தெரியும்.

எத்தனை குதிரைத்திறன் கூடும்?

தொழிற்சாலையிலேயே நல்ல குழாய் ஹெடர் உள்ள காரில், வினையூக்கி மாற்றியைத் தொடாமல் ஹெடரை மட்டும் மாற்றினால் கிடைப்பது டைனோவின் (காரின் சக்தியை அளக்கும் இயந்திரத்தின்) அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும் அளவுதான். சுமாரான மேனிஃபோல்டு உள்ள 2.0 லிட்டர் நான்கு சிலிண்டர் என்ஜினில் 5 முதல் 10 வரை எதிர்பார்க்கலாம். ஷெவர்லேயின் எல்எஸ் வகை வி8 என்ஜினில் நீளக் குழாய் ஹெடரும் ஈசியூ ட்யூனிங்கும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் அமைப்புகளைத் திருத்துவது) சேர்ந்தால் 15 முதல் 25 வரை பொதுவாகப் பேசப்படும் கணக்கு.

ஆனால் விளம்பர எண்களைப் படிக்கும்போது ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: இதில் ஹெடரின் பங்கு எவ்வளவு, வினையூக்கி மாற்றியை எடுத்ததன் பங்கு எவ்வளவு, ட்யூனிங்கின் பங்கு எவ்வளவு? இன்றைய பல கார்களில் வினையூக்கி மாற்றி மேனிஃபோல்டோடு ஒட்டியே வருகிறது. ஹெடரை மாற்றினாலே அது போய்விடும். "ஹெடர் தந்த 15 குதிரைத்திறன்" என்று சொல்லப்படுவதில் பாதி, சட்டப்படி கழற்றக் கூடாத ஒரு பாகத்தைக் கழற்றியதால் வந்ததாக இருக்கலாம்.

டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் கார்களுக்கு ஹெடர் அவசியம் என்று எல்லோரும் சொல்வது ஏன்?

ஹெடருக்கு ஆதரவாக ஒரு காரைச் சொல்லுங்கள் என்றால் நானும் இதைத்தான் சொல்வேன். இரண்டும் அடிப்படையில் ஒரே கார்தான். 2012இல் வந்த முதல் தலைமுறைக் காரில் 2.0 லிட்டர் பாக்ஸர் (சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும்) என்ஜின், சுமார் 200 குதிரைத்திறன். குறை அந்த எண்ணில் இல்லை, டார்க் (என்ஜினின் சுழற்று விசை, அதாவது இழுவை) வரைகோட்டில் இருந்தது. 3,000 ஆர்பிஎம் தாண்டியதும் கோடு பள்ளத்தில் இறங்கி, 4,500க்குப் பக்கத்தில்தான் மீண்டும் ஏறும். வளைவிலிருந்து வெளியேறி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கார் ஒரு கணம் யோசிப்பது போல இருக்கும். சாலையில் அதிகம் பயன்படும் ஆர்பிஎம்மும் அதுதான்.

பொருத்தமான ஹெடரும் அதற்கேற்ற ட்யூனிங்கும் அந்தப் பள்ளத்தைக் கணிசமாக நிரப்பின. உச்சத்தில் கூடிய குதிரைத்திறன் சிறியது. ஆனால் ஓட்டுபவர் உணர்ந்த மாற்றம் பெரியது. ஹெடரை உச்ச எண்ணை வைத்து மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. பிறகு இரண்டாம் தலைமுறை 2.4 லிட்டர் என்ஜினுடன் வந்தது. உச்ச டார்க் 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,700 ஆர்பிஎம்மிலேயே கிடைத்தது. பழைய காரில் உச்ச டார்க் 6,400க்கு மேல்தான் வந்தது. பழைய காருக்குச் சொன்ன அறிவுரையைப் புதிய காருக்கும் அப்படியே சொல்பவர்களை நம்பிச் செலவு செய்யாதீர்கள். புதிய காரில் அடைக்க வேண்டிய ஓட்டை மிகவும் சிறியது.

டைனோ தாளில் கூடுதல் சக்தி தெரிகிறதே, அதை நம்பலாமா?

முன்னும் பின்னும் ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில், ஒரே கியரில், ஒரே டயர் அழுத்தத்தில், என்ஜின் ஒரே சூட்டில் இருக்கும்போது எடுத்தார்களா என்று கேளுங்கள். காலையில் குளிரில் ஒன்று, மதியம் வெயிலில் ஒன்று என்றால், ஹெடரே மாற்றாமல்கூட எண் மாறும். ஒவ்வொரு நிலையிலும் குறைந்தது மூன்று ஓட்டங்கள் காட்டப்பட்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், உச்சப் புள்ளியை விட்டுவிட்டு முழுக் கோட்டையும் பார்ப்பது. 7,000இல் 8 குதிரைத்திறன் கூடி, 3,500இல் 10 நியூட்டன் மீட்டர் குறைந்திருந்தால் அந்தக் கார் சாலையில் முன்பைவிட மந்தமாகத்தான் தோன்றும். வரைபடம் 4,500 ஆர்பிஎம்மிலிருந்துதான் தொடங்குகிறது என்றால், அதற்குக் கீழே எதையோ மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

டர்போ காருக்கு ஹெடர்?

டர்போ என்ஜினில் மேனிஃபோல்டின் வேலை புகையை டர்பைனுக்குக் கொண்டு சேர்ப்பது. டர்பைனே பாதையில் பெரிய தடையாக இருப்பதால், மேலே சொன்ன அலைக் கணக்கு அப்படியே பொருந்தாது. குழாய்கள் நீண்டால் சூடும் வேகமும் வழியில் குறைந்து, டர்போ எழுந்து வரத் தாமதமாகும். தொழிற்சாலை அளவு டர்போவை வைத்திருப்பவர், டர்போவுக்குப் பின்னால் வரும் டவுன்பைப்பை முதலில் பார்ப்பதே நல்லது. சில என்ஜின்களில் மாற்றவே வழியில்லை. 2017இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆரில் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது. டர்போ நேராக ஹெட்டில் உட்கார்ந்திருக்கும். கழற்ற எதுவும் இல்லை.

வினையூக்கி மாற்றி போய்விட்டால் என்ன ஆகும்?

முதலில் சட்டம். அமெரிக்காவில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றுவது தூய காற்றுச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் மாற்று ஹெடருக்கு அந்த மாநிலக் காற்று வாரியம் தந்த ஒப்புதல் எண் இருக்க வேண்டும். வேறு பல நாடுகளிலும் வினையூக்கி மாற்றி இல்லாத கார் ஆண்டுச் சோதனையில் தோற்கும். பெட்டியின் மேல் "பந்தயத்துக்கு மட்டும்" என்று அச்சிட்டிருப்பது விற்பவருக்குப் பாதுகாப்பு, உங்களுக்கு இல்லை.

அடுத்து கார். வினையூக்கி மாற்றிக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்ஸிஜன் சென்சார், சுத்திகரிப்பு நடக்கவில்லை என்று கண்டுபிடித்து என்ஜின் விளக்கை எரியவிடும். பி0420 என்ற பிழை எண் பெரும்பாலும் இதற்குத்தான். சென்சாரை ஏமாற்ற நீட்டிப்புத் துண்டு விற்கிறார்கள். விளக்கை அணைக்கலாம், நாற்றத்தை அணைக்க முடியாது. பெட்ரோல் வாடை பின்னால் நிற்பவரைத் திணறடிக்கும். வினையூக்கி மாற்றியை அதன் இடத்திலேயே விட்டுவைக்கும் ஹெடர் உங்கள் காருக்குக் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். லாபம் சிறிது குறையும், தூக்கம் கெடாது.

ஈசியூ ட்யூனிங் கட்டாயமா?

காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள கார்களில் கூடுதலாக வரும் காற்றை ஈசியூ தானாகக் கண்டுகொள்ளும். சிறிய மாற்றத்தை அது சமாளித்துவிடும். உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தை வைத்து அளவைக் கணிக்கும் கார்களில் கணிப்பு அட்டவணை பழைய மேனிஃபோல்டுக்கு எழுதப்பட்டது; அதைத் திருத்தாவிட்டால் முழு வேகத்தில் எரிபொருள் கலவை தவறக்கூடும். எந்த வகையானாலும், ட்யூனிங் இல்லாமல் ஹெடரின் முழுப் பலன் கிடைக்காது. செலவைக் கணக்கிடும்போதே அதையும் சேர்த்துப் பாருங்கள்.

சத்தம் எப்படி மாறும்?

அளவு கொஞ்சம் கூடும், தன்மை நிறைய மாறும். கனமான வார்ப்பிரும்பு விழுங்கிக்கொண்ட உலோக ஒலியை மெல்லிய குழாய் வெளியே விட்டுவிடும். சிலருக்கு அது இசை, சிலருக்குத் தகரச் சத்தம். சுபாருவின் பழைய டர்போ பாக்ஸர் என்ஜின்களின் பெயர்பெற்ற குமுறல், நீளம் சமமில்லாத மேனிஃபோல்டால் வந்தது. சம நீள ஹெடர் மாட்டினால் அது மறைந்து ஒலி சீராகிவிடும். அந்தக் குமுறலுக்காகவே காரை வாங்கியவர்கள் இரண்டு முறை யோசிக்கட்டும். சத்த வரம்பு வைத்திருக்கும் பந்தயத் தடங்களும் உண்டு.

சத்தத்துக்காக மட்டும் ஹெடர் மாற்ற நினைத்தால் வேண்டாம். சைலன்சரை மாற்றினால் போதும்.

எந்த உலோகம் நல்லது?

மைல்டு ஸ்டீல் மலிவு, ஆனால் துருப்பிடிக்கும். செராமிக் பூச்சு இருந்தால் தாக்குப்பிடிக்கும். பெரும்பாலான நல்ல ஹெடர்கள் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வருகின்றன. சாலைக் காருக்கு இது போதும். டர்போவோ நீண்ட நேரப் பந்தயமோ என்றால் டைட்டானியம் சேர்த்த 321 வகை, வெல்டிங்குக்குப் பக்கத்தில் விரிசல் விடாமல் அதிகச் சூட்டைத் தாங்கும். இன்கோனெல் என்ற நிக்கல் கலப்புலோகம் பந்தய அணிகளின் பணப்பைக்கு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் ஒரு குணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அது சூட்டில் மைல்டு ஸ்டீலைவிட அதிகமாக விரியும். 50 செ.மீ. நீளமுள்ள 304 குழாய் 600 டிகிரி சூடேறினால் சுமார் 5 மி.மீ. நீளும். ஒவ்வொரு முறை காரை ஓட்டும்போதும் நீண்டு, நிறுத்தியதும் சுருங்கும். நான்கு குழாய்களும் நான்கு வளைவில் இருப்பதால் ஒவ்வொன்றும் வேறு திசையில் தள்ளும். இந்த அசைவுக்கு இடம் கொடுக்காத ஹெடர் முதலில் விரிசல் விடுவது வெல்டிங் ஓரத்தில்தான். அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் குழாய்கள் கலெக்டரில் நழுவும்படி இணைத்து ஸ்பிரிங் போட்டுப் பிடிக்கிறார்கள், அல்லது பின்னால் வளைந்துகொடுக்கும் பின்னல் குழாய் வைக்கிறார்கள்.

பெட்டியைப் பிரித்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

பளபளப்பைப் பார்க்காதீர்கள். ஃபிளேஞ்ச் என்ற தடித்த தகட்டைப் பாருங்கள். அது 10 மி.மீ. அளவுக்குத் தடிமனாக இருந்தால் நல்லது. மெல்லியது சூட்டில் வளையும். அதன் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் ஒளி கசிந்தால் வெல்டிங் சூட்டில் தகடு வளைந்திருக்கிறது. போல்ட்டை இறுக்கினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். சில மாதங்களில், ஹெட்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் பிய்ந்துவிடும்.

பிறகு ஒரு டார்ச்சை எடுத்து ஒவ்வொரு துளைக்குள்ளும் பாருங்கள். குழாயும் ஃபிளேஞ்சும் சேரும் இடத்தில் வெல்டிங் உள்ளே பிதுங்கி வரம்பு கட்டியிருக்கிறதா? புகை மிக வேகமாகப் பாயும் இடம் அது. அங்கே 2 மி.மீ. மேடுகூட அதிகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங் செய்யும்போது குழாய்க்குள் ஆர்கான் வாயுவைச் செலுத்தாவிட்டால் உள்பக்கம் கறுத்து, சர்க்கரை உறைந்தது போல் பொரிந்திருக்கும். வெளியே அழகான வெல்டிங், உள்ளே பொரிந்த சொரசொரப்பு என்றால் திருப்பி அனுப்புங்கள். அடுத்து, ஒரிஜினல் கேஸ்கெட்டை ஃபிளேஞ்சின் மேல் வைத்துத் துளைகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கேஸ்கெட் துளைக்குள் ஹெடரின் விளிம்பு எட்டிப் பார்க்கக் கூடாது. ஆக்ஸிஜன் சென்சார் துளை பழைய இடத்துக்கு அருகிலேயே இருக்கிறதா, வயர் எட்டுமா என்பதையும் மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஹெடருக்குத் துணி நாடா சுற்றலாமா?

பார்க்கப் பந்தயக் கார் போல இருக்கும். சூடும் வெளியே பரவாது. ஆனால் நாடா ஈரத்தைப் பிடித்து வைக்கும், குழாயின் சூட்டையும் ஏற்றிவிடும். மைல்டு ஸ்டீல் ஹெடர் நாடாவுக்குள்ளேயே துருப்பிடித்து உதிர்வதைப் பலர் கழற்றும்போதுதான் பார்க்கிறார்கள். நாடா சுற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று பல தயாரிப்பாளர்கள் எழுதியே தருகிறார்கள். செராமிக் பூச்சும் ஹீட் ஷீல்டும் நல்ல வழி.

வீட்டிலேயே மாற்ற முடியுமா?

காரைப் பொறுத்தது. சிலவற்றில் ஒரு நாள் வேலை, சிலவற்றில் என்ஜினைச் சற்றுத் தூக்க வேண்டும். எல்லாவற்றிலும் பொதுவான எதிரி, சூட்டில் வெந்து துருவேறிய ஸ்டட் (ஹெட்டில் பதிந்து நட்டைத் தாங்கும் மரையாணி). முந்தின நாள் இரவே துரு நெகிழ்த்தும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். நட் அசைய மறுத்தால் பலத்தைக் கூட்டாமல், கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மீண்டும் தளர்த்துங்கள். அலுமினிய ஹெட்டில் ஸ்டட் முறிந்தால் ஒரு நாள் வேலை ஒரு வாரமாகும்.

- பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். ஸ்டார்ட்டர் வயர் பல கார்களில் கைக்கு அருகிலேயே இருக்கும்.
- கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். ஹெடருடன் வரும் அட்டை போன்ற கேஸ்கெட்டைவிட கார் நிறுவனத்தின் பல அடுக்கு உலோக கேஸ்கெட் மேல்.
- நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். சில முறை ஓடிச் சூடாகிக் குளிர்ந்த பிறகு மீண்டும் சரிபாருங்கள்.
- ஸ்டார்ட் செய்யும் முன் குழாய்களை ஆல்கஹாலால் துடையுங்கள்.

முதல் ஓட்டத்தில் லேசாகப் புகை வரும். தயாரிப்பின்போது படிந்த எண்ணெய் எரிவது அது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பொன்னிறமாகி நீலமாவதும் இயல்பு. குளிர்ந்த என்ஜினில் டிக் டிக் என்று ஒலி கேட்டு, சூடானதும் மறைந்தால் கேஸ்கெட்டில் கசிவு இருக்கிறது. அந்த இடத்தில் கரி படிந்து காட்டிக்கொடுக்கும். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. கசிவு வழியே வெளிக்காற்றும் உள்ளே போகும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று தப்பாகச் சொல்லும். ஈசியூ தேவையில்லாமல் பெட்ரோலைக் கொட்டும். கேபினுக்குள் கார்பன் மோனாக்சைடு வரும் அபாயமும் இருக்கிறது.

பக்கத்தில் உள்ள பாகங்களுக்குப் பாதிப்பு வருமா?

வரலாம். மெல்லிய குழாய் அதிகச் சூட்டைச் சுற்றிலும் வீசும். ஸ்பார்க் பிளக் வயர், ஸ்டார்ட்டர், ஸ்டீயரிங் தண்டின் ரப்பர் உறை, பிரேக் குழாய், ஏசி குழாய் ஆகியவற்றுக்கும் ஹெடருக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளியாவது வேண்டும். முடுக்கும்போது என்ஜின் தன் மவுண்ட்டில் அசையும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நீளக் குழாய் ஹெடர் சில கார்களில் தரையோடு உரசும் அளவுக்குத் தாழ்ந்து நிற்கும்.

உத்தரவாதம் போய்விடுமா?

என்ஜின் சார்ந்த உத்தரவாதத்துக்கு ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

அதே பணத்துக்கு வேறு என்ன செய்யலாம்?

தடத்தில் நேரம் குறைக்க வேண்டும் என்றால் நல்ல டயர், சூடு தாங்கும் பிரேக் பேட், புதிய பிரேக் ஆயில், ஒரு நாள் பயிற்றுநர். இந்த நான்கும் சேர்ந்து தரும் விநாடிகளை எந்த ஹெடரும் தராது. இவையெல்லாம் முடிந்துவிட்டன, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் மாற்றப் போகிறேன், ட்யூனிங்கும் செய்யப் போகிறேன் என்பவருக்கு ஹெடர் நியாயமான செலவு. உயர் ஆர்பிஎம்முக்கான கேம் போட்டுவிட்டுத் தொழிற்சாலை மேனிஃபோல்டையே வைத்திருப்பது பாதி வேலைதான். பழைய மேனிஃபோல்டு விரிசல் விட்டு, எப்படியும் புதிதாக வாங்க வேண்டிய நிலை என்றாலும் சரி. அப்போது நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது இரண்டுக்குமான வித்தியாசம் மட்டுமே.

கழற்றிய பழைய மேனிஃபோல்டை விற்றுவிடலாமா?

வேண்டாம். காரை விற்கும்போது வாங்குபவர் கேட்பார், மாசுச் சோதனையில் சிக்கல் வந்தாலும் அதுதான் கைகொடுக்கும். வினையூக்கி மாற்றி ஒட்டியிருந்தால் அதன் விலைமதிப்பே தனி. உள்ளே பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் இருப்பதால்தான் திருடர்களும் அதைத் தேடுகிறார்கள். துளைகளைத் துணியால் அடைத்து, ஃபிளேஞ்ச் முகத்தில் லேசாக எண்ணெய் தடவி, அதன் ஹீட் ஷீல்டு, நட், போல்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிப் பெயர் எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.